ரைனே ஸ்டேஷனில் இறங்கிய ஜோடி சைக்கிள்

யோரிஸ் கல்யாணப் பேச்சை எடுத்தது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில். பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஃபெம்கே, கையிலிருந்த தட்டை இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"விண்ணேற்றத் திருநாள் லீவுக்கு அப்பாவையும் கூட்டிக்கிட்டு ஜெர்மனிக்கு சைக்கிள்ல சுத்தப் போறோமில்ல? ஒரு வாரம். அது முடியும்போதும் நீயும் அப்பாவும் பேசிக்கிட்டிருந்தீங்கன்னா கல்யாணம். பேச்சு நின்னுபோயிருந்தா என்னை மன்னிச்சுடு."

"அவர் இப்பவே என்கிட்ட பேசறதில்லையே."

"ஏன், போன ஞாயித்துக்கிழமை 'காபி ஆறுது'ன்னு சொன்னாரே."

"அது காபியைப் பத்தின கவலை."

"எங்க ஊர்ல அது சொற்பொழிவு," என்றாள் ஃபெம்கே.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஃபெம்கேயின் அப்பா பெரெண்ட், கிழக்கு நெதர்லாந்தில் டெவென்டருக்குப் பக்கத்துக் கிராமத்தில் மாடு வைத்துப் பால் கறந்து ஓய்ந்தவர். நல்ல மனநிலையில் இருந்தால் குறைவாகப் பேசுவார். கோபம் வந்தால் அதுவும் கிடையாது. இரவல் போன ஏணியைத் தம்பி சேறும் சகதியுமாகத் திருப்பிக் கொடுத்தான் என்பதற்காக மூன்று வருஷம் அவனோடு பேச்சை நிறுத்தினவர். அந்த மூன்று வருஷமும் ஒரே சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, 'உப்பை இங்கே தள்ளச் சொல்' என்பதை அந்தப் பக்கமும், 'அவர் கிட்டதான் இருக்கு' என்பதை இந்தப் பக்கமும் எடுத்துச் சொன்னவள் ஃபெம்கே. அது ஆரம்பித்தபோது அவளுக்கு ஏழு வயது.

"தூது போய்ப் போய் எனக்கு அலுத்துப்போச்சு யோரிஸ். கல்யாணத்துக்கப்புறமும் அதே வேலையை நான் பாக்கமாட்டேன்."

யோரிஸுக்கு அவள் சொன்னதில் நியாயம் தெரிந்தது.

பெரெண்டுக்கு அவன்மேல் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. அவன் மேற்கத்திக்காரன், நாட்டின் மேற்கே ஹார்லெமில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கிறவன் என்பதைக்கூடப் பெரிய மனசு பண்ணி மன்னித்திருந்தார். மன்னிக்க முடியாதது ஒன்றுதான். பூட்டு.

பெரெண்டின் ஊரில் சைக்கிளைப் பூட்டுவது என்பது அக்கம்பக்கத்தார் முகத்தில் காறி உமிழ்வதற்குச் சமம். அவருடைய கரும்பச்சை சைக்கிள் மாதா கோயில் வாசலிலும், மளிகைக் கடை வாசலிலும் சுவரில் சாய்ந்தபடி கிடக்கும். பூட்டு என்ற ஒன்றையே அது பார்த்ததில்லை. யோரிஸோ ஆம்ஸ்டர்டாமில் ஐந்து சைக்கிள்களைப் பறிகொடுத்தவன். அதனால் அவன் சைக்கிளில் பின்சக்கரத்துக்கு ஒரு பூட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு பூட்டு, இவை போதாதென்று கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொள்ளும் கட்டை விரல் பருமன் இரும்புச் சங்கிலி ஒன்று. முதல் தடவை பெண் வீட்டுக்கு வந்தபோது, பெரெண்டின் முற்றத்திலேயே சைக்கிளை ஆப்பிள் மரத்தோடு சேர்த்துப் பூட்டினான். பெரெண்ட் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க திருடன்னா நான் ஒருத்தன்தான்," என்று மகளிடம் சொன்னாராம்.

*

பெர்லின் ரயிலில் டெவென்டரில் ஏறினார்கள். ஹானோவர் வரை ரயில், அங்கிருந்து இன்னொரு வண்டி, அப்புறம் வேசர் ஆற்றங்கரையோடு ஒரு வாரம் சைக்கிள். மூன்று சைக்கிளையும் அதற்கான பெட்டியில் நிறுத்தி, பைகளை மட்டும் கழற்றிக்கொண்டு இரண்டு பெட்டி தள்ளித் தங்கள் இருக்கைகளுக்குப் போனார்கள். பெரெண்டின் ஒரு பை நிறைய உருளைக்கிழங்கு.

"அப்பா, ஜெர்மனியில உருளைக்கிழங்கு கிடைக்கும்."

"கிடைக்கும்," என்றார் பெரெண்ட், கிடைப்பது எல்லாம் உருளைக்கிழங்கு ஆகிவிடுமா என்ற தொனியில்.

யோரிஸ் அன்று மிகுந்த எச்சரிக்கையாக இருந்தான். ரயிலில் சைக்கிளைப் பூட்டுவதில்லை என்று முதல் நாளே ஃபெம்கேயிடம் சத்தியம் செய்திருந்தான். சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். எல்லையைத் தாண்டும் வரை எல்லாம் சரியாகவே போனது.

எல்லை தாண்டி பெந்தைம் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது பார்த்தால், பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம். விண்ணேற்றத் திருநாள் ஜெர்மனியில் அப்பாக்களின் நாளும்கூட. அன்று ஆண்பிள்ளைகள் வைக்கோல் தொப்பி மாட்டி, கைவண்டியில் பீர் ஏற்றி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடித் திரிவார்கள். அவர்களில் பாதிப்பேர் சைக்கிள் பெட்டியில்தான் ஏறினார்கள்.

யோரிஸுக்கு உட்கார முடியவில்லை. கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று உளறிவிட்டு எழுந்துபோனான். ஓடும் ரயிலில் யாரும் கால் கழுவுவதில்லை என்பது போகும் வழியில்தான் உறைத்தது.

சைக்கிள் பெட்டியில் தொப்பிகளும் தொடைகளுமாக நெரிசல். சைக்கிள்கள் கூட்டத்துக்கு நடுவில் இடம் மாறிக் கிடந்தன. பெரெண்டின் கரும்பச்சையும், அதை ஒட்டினாற்போல் ஃபெம்கேயின் கரும்பச்சையும் கண்ணில் பட்டன. யோரிஸின் மூளை, 'சத்தியம் பண்ணியிருக்கே' என்றது. கை அதற்குள் சங்கிலியைக் கழற்றி, இரண்டு சைக்கிளின் சட்டத்துக்குள்ளும் விட்டு, கடக்கென்று பூட்டிவிட்டது. ஐந்து சைக்கிளை இழந்த கை. அதற்குத் தனி அறிவு உண்டு.

இறங்குவதற்கு முன்னால் வந்து கழற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? திரும்பி வந்து, சாவியைக் கோட்டுப் பையில் போட்டு, கோட்டைக் கழற்றி மாட்டினான். ஃபெம்கே அதை எடுத்துச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

அடுத்த ஸ்டேஷன் ரைனே என்று அறிவித்தபோது பெரெண்ட் எழுந்தார்.

"எங்க போறீங்க?" என்றான் யோரிஸ்.

"சைக்கிள்," என்றார் பெரெண்ட்.

யோரிஸ் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினான்.

*

அங்கே அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருத்தி, ஒரு கையில் பெரிய கேக் பெட்டியும் மறு கையில் சைக்கிளின் ஹேண்டில்பாருமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் இழுத்தால் அவளுடைய சைக்கிளோடு பெரெண்டின் சைக்கிளும் சேர்ந்து வந்தது. அவளுடையதும் கரும்பச்சைதான்; ஃபெம்கேயுடையது என்று நினைத்து யோரிஸ் பூட்டியது இதைத்தான். ஃபெம்கேயின் கரும்பச்சை மூலையில் யோரிஸின் சைக்கிளோடு சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

பெரெண்ட் சங்கிலியைப் பார்த்தார். யோரிஸின் வெறும் கழுத்தைப் பார்த்தார்.

யோரிஸ் சட்டைப் பையைத் தட்டினான். பேன்ட் பையைத் தட்டினான். சாவி, போன், எல்லாம் கோட்டில். கோட்டு ஃபெம்கேயின் தலைக்கு அடியில். நடுவில் இரண்டு பெட்டி நிறைய அப்பாக்கள். ரயில் ஏற்கெனவே வேகம் குறைந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த ஜெர்மன் மொழியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளை நெருங்கினான்.

"வந்தனம். தங்கள் சைக்கிள் எம்மிடம் கைதியாக உள்ளது. சற்றுப் பொறுத்தருளுக."

"நான் இங்க இறங்கணும்," என்றாள் அவள். "என் சைக்கிளும் இறங்கணும். இந்தா, இதைப் பிடி."

கேக் பெட்டியை அவன் கையில் திணித்தாள். கதவு திறந்தது. சைக்கிளோடு ஒரு அம்மாள் தவிப்பதைக் கண்ட தொப்பிக்காரர்கள் நான்கு பேர், அப்பாக்கள் நாளின் முதல் புண்ணிய காரியமாக, இரண்டு சைக்கிளையும் ஒரே தூக்காகத் தூக்கிப் பிளாட்பாரத்தில் வைத்தார்கள். பெரெண்ட் தன் சைக்கிள் சீட்டைப் பிடித்த பிடியை விடாமல் கூடவே இறங்கிவிட்டார். கேக்கை உரியவளிடம் கொடுப்பதற்காக யோரிஸும் இறங்கினான். பின்னால் கதவு மூடிக்கொண்டது.

ரயில் கிளம்பியது. ஒரு ஜன்னலில் ஃபெம்கே, கோட்டின் மேல் கன்னத்தை வைத்து வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டே போனாள்.

"யார் பூட்டினது?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"நான்தான்," என்றான் யோரிஸ்.

"ஓடற ரயில்லயா? யார் எடுத்துக்கிட்டு எங்க குதிப்பாங்கன்னு நினைச்சே?"

அந்தக் கேள்விக்கு ஆம்ஸ்டர்டாமில் யாராவது பதில் வைத்திருக்கலாம். யோரிஸ் பெரெண்டின் பக்கம் திரும்பி, "என்னை மன்னிச்சுடுங்க பெரெண்ட்," என்றான்.

பெரெண்ட் அந்த அம்மாளைப் பார்த்துத் தன் ஊர்ப் பேச்சிலேயே பேசினார். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிராமத்தார் பேசுவது ஏறக்குறைய ஒரே கொச்சை. மேற்கத்திக்காரனுக்குத்தான் அது பாதி புரியும், பாதி புரியாது. இப்போது அவர் சொன்னது அவனுக்கு நன்றாகவே புரிந்தது.

"அந்தத் தம்பிகிட்ட சொல்லுங்க, எனக்குக் காது கேக்கலைன்னு."

அவ்வளவுதான். பேச்சு நின்றுவிட்டது. ஒரு வாரம் தாங்க வேண்டியது, முதல் நாள் மத்தியானச் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை. ஏணிக்கு மூன்று வருஷம் என்றால், பூட்டுக்கு எத்தனை?

சிறிது நேரத்தில் பெரெண்டின் பழைய பொத்தான் போன் அடித்தது. ஃபெம்கே. போனைக் காதில் வைக்காமலே அவள் குரல் பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது.

"எங்கப்பா போனீங்க ரெண்டு பேரும்?"

"ரைனே," என்றார் பெரெண்ட்.

"அங்க என்ன வேலை?"

பெரெண்ட் போனை அந்த அம்மாளிடம் நீட்டினார். அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் பெயர் ரோஸ்விதா என்றும், நீடர்ஹோல்ட் கிராமத்தில் அண்ணன் எக்கார்டுக்கு இன்று பிறந்தநாள் என்றும், கேக் வந்தால்தான் விருந்தாளிகள் மேசையில் உட்காருவார்கள் என்றும், கேக்கில் இருப்பது வெண்ணெய்க் குழைவு என்றும், வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னாள். ஓஸ்னாப்ரூக்கில் இறங்கி, மிச்ச இரண்டு சைக்கிளோடும் எல்லாப் பைகளோடும் பாசஞ்சர் ரயில் பிடித்து நேராக எக்கார்ட் வீட்டுக்கே வருகிறேன் என்றாள் ஃபெம்கே. கடைசியில், "அப்பா அவன்கூடப் பேசறாரா?" என்று கேட்டாள்.

ரோஸ்விதா இருவரையும் பார்த்தாள். "இல்லம்மா. என் வழியாத்தான் பேசறார்."

யோரிஸ் கேக் பெட்டியை இறுக்கிக்கொண்டான்.

*

"நான் காத்திருக்க மாட்டேன்," என்றாள் ரோஸ்விதா. "கேக் உருகிடும். சைக்கிளை ஓட்டிக்கிட்டுப் போறேன். நீங்க வர்றதுன்னா வாங்க, வராட்டியும் உங்க சைக்கிள் வரும்."

சங்கிலி ஒரு கை நீளம் இருந்தது. சக்கரங்கள் தடையில்லாமல் சுழன்றன. பெரெண்ட் மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தார். யோரிஸுக்கு சைக்கிள் இல்லை. பெரெண்டின் கேரியரை ஏக்கத்தோடு பார்த்தான்.

"எங்க நாட்டுல பெரியவங்க பின்னால உக்காந்து டபுள்ஸ் போறது சட்டப்படி தப்பு," என்றாள் ரோஸ்விதா.

"அப்ப அவனை ஓடி வரச் சொல்லுங்க," என்றார் பெரெண்ட்.

"ஓடினா கேக் குலுங்குமே." அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவனை ஆளாக் கணக்குல எடுக்க வேண்டாம். கேக் வைக்கிற ஸ்டாண்டுன்னு வெச்சுக்குவோம்."

கேக் ஸ்டாண்டு கேரியரில் ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தது.

முதல் முயற்சியில் ரோஸ்விதா முன்னால் போனாள், பெரெண்ட் பின்தங்கினார், சங்கிலி விறைத்தது, மூன்று பேரும் வேலியில் சாய்ந்தார்கள். இரண்டாவது முயற்சியில் பெரெண்ட் முந்தினார், அவள் அவர்மேல் சாய்ந்தாள். மூன்றாவது முறை ரோஸ்விதா படைத்தளபதி மாதிரி கட்டளை போட ஆரம்பித்தாள்.

"இடது. வலது. இடது. வலது. கேக், நீ அசையாத."

அப்புறம் இரண்டு சைக்கிளும் அண்ணன் தம்பி மாதிரி ஓடின. சாலை வளைவு வந்தால் உள்பக்கத்து ஆள் மெதுவாக, வெளிப்பக்கத்து ஆள் வேகமாக. விளக்குக் கம்பம் வந்தால் இரண்டு பேரும் ஒரே பக்கம். ஒரு முறை ரோஸ்விதா இந்தப் பக்கமும் பெரெண்ட் அந்தப் பக்கமும் போக நினைத்து, கம்பத்துக்கு ஒரு முழத்தில் நின்றார்கள்.

"கேக் எப்படியிருக்கு?" என்றாள் ரோஸ்விதா.

"முட்டிக்கிச்சு. ஆனா நலம்," என்றான் யோரிஸ்.

"என் முதுகுல மூச்சு விட வேண்டாம்னு கேக்குக்குச் சொல்லுங்க," என்றார் பெரெண்ட்.

"கேக், அவர் முதுகுல மூச்சு விடாத."

ரோஸ்விதாவோடு பெரெண்ட் நன்றாகவே பேசினார். இத்தனை வார்த்தைகளை அவர் வாயிலிருந்து யோரிஸ் கேட்டதே கிடையாது. மாடு, மழை, உரம், மேற்கத்திக்காரர்கள் என்று பேச்சு விரிந்தது. மேற்கத்திக்காரர்களைப் பற்றிய பகுதியில் அவள் அடிக்கடி சிரித்தாள். யோரிஸ் இரண்டு தடவை குறுக்கே பதில் சொல்லிப் பார்த்தான். காற்றில் பதில் சொன்னது மாதிரி இருந்தது.

ஒரு திருப்பத்தில் தொப்பிக்காரர் கூட்டம் ஒன்று கைவண்டியோடு எதிர்ப்பட்டது. தலைவன் மாதிரி இருந்தவனின் பெயர் டெட்லெஃப் என்று மற்றவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது. விஷயத்தைக் கேட்டதும் அத்தனை பேருக்கும் உற்சாகம் பீறிட்டது. பீர் புட்டி திறக்கும் கருவியால் நெம்பினார்கள். கல்லால் அடித்தார்கள். டெட்லெஃப் பல்லால் கடித்தும் பார்த்தான்.

"அருமையான சங்கிலி," என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு. "எங்க வாங்கினது?"

"ஆம்ஸ்டர்டாம்," என்றான் யோரிஸ், கொஞ்சம் பெருமையாக.

பெரெண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

*

எக்கார்டின் தோட்டத்தில் விருந்தாளிகள் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே காத்திருந்தார்கள். கேக் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, மற்றபடி முழுசாக இருந்தது. ரோஸ்விதா நடந்ததைச் சொல்லச் சொல்ல எல்லோரும் யோரிஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எல்லோருக்கும் அசடு வழிந்தபடி கை கொடுத்தான். டெட்லெஃபின் கூட்டமும் பின்னாலேயே வந்து சேர்ந்து, வேலியோரத்தில் கைவண்டியை நிறுத்திவிட்டு எக்கார்டுக்காகப் பாடியது.

கொஞ்ச நேரத்தில் ஃபெம்கே வந்தாள். தன் சைக்கிளை ஓட்டிக்கொண்டு, யோரிஸின் சைக்கிளை ஒரு கையால் பக்கத்தில் நடத்திக்கொண்டு, இரண்டின் மேலும் மூட்டை மூட்டையாகப் பைகளும் உருளைக்கிழங்குமாக. முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது. வந்த வேகத்தில் சாவியை எடுத்துச் சங்கிலியைத் திறந்து, அதை யோரிஸின் கழுத்தில் மாட்டினாள்.

"சத்தியம் பண்ணினே."

"கை பூட்டிடுச்சு ஃபெம்கே."

"அப்பா?"

பெரெண்ட் தன் சைக்கிளைத் துணியால் ஒரு தடவை துடைத்தார். வாசல் வேலியில் அதைச் சாய்த்தார். பூட்டவில்லை. பூட்டாததை யோரிஸ் பார்க்கிறானா என்று பார்த்தார். பிறகு ரோஸ்விதாவிடம், "என் சைக்கிள் வழக்கம்போல இருக்கும்னு அவன்கிட்ட சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுக் கேக் சாப்பிடப் போனார்.

ஃபெம்கே யோரிஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேக்கைத் தொடவில்லை.

"பாத்தியா? ஆரம்பிச்சுட்டார். இனிமே இந்த ரோஸ்விதா அம்மாவையும் வேசர் முழுக்கக் கூட்டிக்கிட்டுப் போகணும்."

"நான் சரி பண்ணிடுவேன்."

"எப்படி?"

அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. அதைப் பார்த்த பிறகு அவனுக்கும் கேக் இறங்கவில்லை.

சாப்பாடு முடிந்து, காபி முடிந்து, இரண்டாவது காபியும் முடிந்து, கிளம்பலாம் என்று பெரெண்ட் எழுந்து வாசலுக்குப் போனார். போனவர் அங்கேயே நின்றார். நின்றவர் வேலியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். பிறகு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை.

சைக்கிள் இல்லை.

யோரிஸ் தூரத்திலிருந்தே புரிந்துகொண்டான். அந்த முதுகை அவனுக்குத் தெரியும். ஐந்து முறை அவனே அந்த முதுகோடு நின்றிருக்கிறான். எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றான். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்ட வேண்டும் என்றே தோன்றவில்லை.

பெரெண்ட் வேலியைத் தாண்டிப் புதருக்குள் எட்டிப் பார்த்தார்.

"அடுத்து, வேற எங்கயாவது வெச்சோமோன்னு தோணும்," என்றான் யோரிஸ் மெதுவாக.

பெரெண்ட் சட்டென்று திரும்பினார். "இங்கதான் வெச்சேன். ஒருவேளை அந்தக் கொட்டகைப் பக்கம்..."

"போய்ப் பாக்கலாம். அங்க இருக்காது. ஆனாலும் பாக்கணும். பாக்கலைன்னா ராத்திரி தூக்கம் வராது."

கொட்டகைப் பக்கம் போனார்கள். இல்லை. திரும்பி வந்து வேலியை மறுபடி பார்த்தார்கள்.

"ஏன் மறுபடி இங்கயே பாக்கறோம்?" என்றார் பெரெண்ட்.

"எல்லாரும் பாப்பாங்க. திரும்பி வந்திருக்கும்னு ஒரு நப்பாசை. என் ரெண்டாவது சைக்கிள் நின்ன இடத்தை நான் ஒரு மாசம் தினமும் போய்ப் பாத்தேன்."

"ஒரு மாசமா?"

"அந்த இடத்துல வேற யாரோ சைக்கிளை நிறுத்த ஆரம்பிச்சாங்க. அப்பத்தான் விட்டேன்."

பெரெண்ட் கீழே புல்லில் உட்கார்ந்துவிட்டார். யோரிஸும் உட்கார்ந்தான்.

"வயித்துல என்னவோ பண்ணுது தம்பி."

"பண்ணும். உங்களைக் கேவலமா நினைச்சு எடுத்த மாதிரி இருக்கும். அவனுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. அதையும் நினைச்சா இன்னும் கோபம் வரும்."

"ஆமா," என்றார் பெரெண்ட் வியப்போடு. "அதேதான். அப்படியேதான் இருக்கு. அந்த சைக்கிள் எப்படிப்பட்டதுன்னு உனக்குத் தெரியுமா? என் கல்யாணத்தன்னிக்கு குதிரை வண்டி அச்சு முறிஞ்சுபோய், அதுலதான் என் வீட்டுக்காரியை டபுள்ஸ் வெச்சு கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். வெள்ளை கவுனோட. கிரீஸ் பட்டுது. என்கிட்ட ஒரு நாள் முழுக்கப் பேசல அவ. கல்யாண நாள் முழுக்க."

தோட்டத்தில் ஃபெம்கே கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு உற்றுக் கேட்டாள். இந்தக் கதையை அவளே கேட்டதில்லை.

பெரெண்ட் பேசிக்கொண்டே எழுந்தார், பேசிக்கொண்டே தெருவில் நடந்தார். அறுபது வருஷம் அணை போட்டு வைத்த பேச்சு மதகு உடைந்து கொட்டியது. சைக்கிளில் ஏற்றிய பால்கேன்கள், அது விழுந்த வாய்க்கால்கள், ஒரு தடவை அதன் சீட்டைத் தின்றுவிட்ட கன்றுக்குட்டி. யோரிஸ் கூடவே நடந்து, தேட வேண்டிய இடங்களைக் காட்டிக்கொண்டு வந்தான்: பாலத்தடி, வாய்க்கால், பஸ் நிறுத்தத்தின் பின்பக்கம்.

"வாய்க்காலிலயா?"

"என் மூணாவது அங்கதான் கிடைச்சுது. ஹேண்டில்பார் மட்டும்."

"மிச்சம்?"

"மிச்சத்தை அப்புறம் ஒருத்தன் ஓட்டிக்கிட்டுப் போனதைப் பாத்தேன். வேற ஹேண்டில்பார் போட்டிருந்தான். எனக்கு அது பிடிச்சும் இருந்துச்சு."

பெரெண்ட் அடிவயிற்றிலிருந்து சிரித்தார். சிரித்ததற்காக வருத்தப்பட்டு, மறுபடி சிரித்தார்.

கிராமத்துக் கோடியில், கொடி கட்டிய பீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில், டெட்லெஃபின் கைவண்டி வந்துகொண்டிருந்தது. இப்போது யாரும் அதை இழுக்கவில்லை. நான்கு பேரின் இடுப்புப் பெல்ட்டுகளை முடிச்சுப் போட்டு, வண்டியை ஒரு கரும்பச்சை சைக்கிளின் கேரியரில் கட்டியிருந்தார்கள். டெட்லெஃப் சீட்டில் உட்கார்ந்து மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தான். பெல்ட் இல்லாத நான்கு பேரும் பேன்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டு பாடியபடி பின்னால் வந்தார்கள்.

"அது என் சைக்கிள்," என்றார் பெரெண்ட்.

"உங்களுதா?" டெட்லெஃப் நிஜமாகவே அதிர்ந்துபோனான். "எக்கார்ட் வீட்டு வேலியில சாஞ்சிருந்துச்சு, அவனோடதுன்னு நினைச்சேன். நாங்க வருஷா வருஷம் அவன் சைக்கிளைத்தான் கட்டுவோம். பூட்டாம இருந்துச்சு, அதான்..."

யோரிஸ் வானத்தைப் பார்த்தான். பெரெண்ட் யோரிஸைப் பார்த்தார்.

"நீ ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லலை."

"சொல்லமாட்டியே."

"மாட்டேன் பெரெண்ட்."

பெரெண்ட் சைக்கிளைச் சுற்றி வந்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தார். டெட்லெஃப் மன்னிப்புக்காக நீட்டிய பொரித்த சாசேஜ் தட்டை வாங்கிக்கொண்டார். ஆனால் சைக்கிளை விடவில்லை. ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் சாசேஜ் என்று நின்றபடியே தின்றார். தின்றபடியே பேசினார்.

ஃபெம்கே சைக்கிள்களோடு வந்து சேர்ந்தபோது அவர் உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், யோரிஸிடம், நேராக, வேறு யார் வழியாகவும் இல்லாமல். அன்றைக்கு இனிமேல் ஹானோவர் கிடையாது, இங்கேயே எங்காவது தங்கலாம் என்று முடிவாகி, மூன்று பேரும் கிளம்பினார்கள். பாதை குறுகல். ஆனாலும் மூன்று பேரும் பக்கம் பக்கமாகவே ஓட்டினார்கள், நடுவில் யோரிஸ்.

"யோரிஸ்," என்றாள் ஃபெம்கே இடது பக்கத்திலிருந்து. "செப்டம்பர்ல வெச்சுக்கலாமா?"

"எதை?" என்றான் அவன். பிறகு புரிந்தது. சைக்கிள் ஒரு கோணல் கோணிற்று. "ஒரு வாரம்னு சொன்னியே. இன்னும் ஒரு நாள்கூட ஆகல."

"அவரை வெச்சு ஒரு வாரம் பாக்கணும்னு இருந்தேன். இப்ப இந்தப் பேச்சை ஒரு வாரம் நானே தாங்குவேனான்னு தெரியல. சீக்கிரம் சொல்லு."

"சரி. செப்டம்பர். நான்..."

"செப்டம்பர் நல்ல மாசம்," என்றார் வலது பக்கத்திலிருந்து பெரெண்ட். "எனக்கு ஆட்சேபணை இல்ல. அதை அப்புறம் பேசிக்கலாம். தம்பி, நாலாவது சைக்கிள் எப்படிப் போச்சு, அதைச் சொல்லு."

யோரிஸ் ஃபெம்கேயைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் நாலாவது சைக்கிளின் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.